திறந்த நிலமும் நட்ட காடும்: ஸ்காட்லாந்து தரும் ஒரு பாடம்

மரம் நடுதல் நற்செயல் என்பதில் நம்மிடையே இரு கருத்து இல்லை. ஆலயப் பிரதிஷ்டையின் நினைவாக மரம் நடுகிறோம். பேராயர் வருகை தந்தால் மரம் நடுகிறோம். சுற்றுச்சூழல் ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் வாலிபர் சங்கத்தார் கன்றுகளோடு வாசலில் காத்து நிற்கின்றனர். இச்செயலைக் குறித்துக் கேள்வி கேட்பவர் எவரேனும் இருப்பின், அவரைப் படைப்பின் பகைவர் என்றே எண்ணத் தோன்றும்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு கிராமச் சேகரத்தில், ஆலயத்துக்கு மேற்கே கிடந்த வெளியைத் தரிசு என்று கருதி, சபையாரைக் கூட்டி இருநூறு கன்றுகள் நட்டு, ஜெபித்து, முள்வேலியும் இட்டோம். மறுநாள் மாலை ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் வேலியோரம் வந்து நின்றார். "எல்லாம் நல்ல காரியந்தான், ஐயா. இனிமேல் என் ஆடுகளை எங்கே பத்திக்கொண்டு போவேன்?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அந்நிலத்தை அவர் ஒருநாளும் தரிசு என்று அழைத்ததில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

அம்மூதாட்டியின் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டு, நாற்பது ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கும் நாடு ஒன்று உண்டு. அது ஸ்காட்லாந்து. திறந்த மேட்டுநிலங்களில் காடு நடலாமா என்பது குறித்து அங்கு நிகழ்ந்த பொது விவாதத்தை ஆராய்ந்து, இறையியல் நோக்கில் அது நமக்கு உணர்த்துவது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிலத்தின் இயல்பு

பிரித்தானியத் தீவின் வடகோடியில் கேத்னஸ், சதர்லாந்து என்னும் இரு மாவட்டங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் சதுப்பு நிலத்துக்கு ஃப்ளோ கன்ட்ரி என்று பெயர். அங்கு மரம் அரிது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாசியும் கோரையும் ஹெதர் என்னும் குறுஞ்செடியும், இடையிடையே கரிய நீர் தேங்கிய சிறு குட்டைகளுமே காணப்படும். வழிப்போக்கர் கண்ணுக்கு அது வெறும் நிலம்.

ஆனால் அவ்வெறுமையின் கீழ் ஒரு களஞ்சியம் இருக்கிறது. ஸ்பாக்னம் என்னும் பாசி, மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. நீரில் மூழ்கிய நிலையில் காற்று புகாமையால், மடிந்த பாசி முழுவதும் மக்குவதில்லை. அது அடுக்கடுக்காகப் படிந்து, 'பீட்' எனப்படும் கரிமண்ணாகிறது. ஓராண்டில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே வளரும். ஓராயிரம் ஆண்டுகளில் ஒரு மீட்டர். சில இடங்களில் அதன் ஆழம் பத்து மீட்டரை எட்டுகிறது. அந்நிலத்தில் அடங்கியுள்ள கரிமம் சுமார் 40 கோடி டன் என மதிப்பிட்டுள்ளனர். பிரித்தானியக் காடுகள் அனைத்திலும் உள்ளதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது இது. பொன்னிற உப்புக்கொத்தி, டன்லின் உள்ளான், பச்சைக்கால் உள்ளான் முதலிய பறவைகள் கோடையில் அங்கு வந்து தரையில் கூடு கட்டுகின்றன. மரமின்மை அவற்றுக்குக் குறையன்று, அரண். மரங்கள் வந்தால் காகமும் நரியும் அவற்றில் ஒதுங்கி வாழ்ந்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்து செல்லும்.

எனவே, மரம் இல்லாத இடமெல்லாம் மரத்தை இழந்த இடம் அன்று. இதுவே முதலில் நாம் கற்கவேண்டிய பாடம்.

2. காடு வந்த வரலாறு

முதல் உலகப் போரில் பிரித்தானியா மரப் பற்றாக்குறையால் இடருற்றது. நாட்டின் நிலப்பரப்பில் அப்போது சுமார் 5 விழுக்காடே காடாக இருந்தது. ஆகவே 1919-ஆம் ஆண்டில் வன ஆணையம் நிறுவப்பட்டது. விளைநிலத்தை விட்டுவிட்டு, மலிவாகக் கிடைத்த மேட்டுநிலங்களில் மரம் நடுவதே அதன் வழியாயிற்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட சிட்கா ஸ்புரூஸ், லாட்ஜ்போல் பைன் என்னும் ஊசியிலை மரங்கள் குளிருக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடித்து விரைந்து வளர்ந்தன. கனத்த கலப்பைகளால் சதுப்பை உழுது, வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பின், முன்பு எதுவும் பயிராகாது எனக் கைவிடப்பட்ட கரிமண்ணிலும் அவற்றை நட முடிந்தது.

இதனோடு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அது வரிச் சட்டம். மரம் நடுவதற்கு ஆகும் செலவைத் தம் பிற வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அன்றைய சட்டம் செல்வர்களுக்கு இடங்கொடுத்தது. 1980-களில் உயர்ந்த வருமானத்துக்கு 60 விழுக்காடு வரி இருந்தமையால், இச்சலுகையின் பயன் மிகப் பெரிது. அரசு மானியமும் கிடைத்தது. எனவே அந்நிலத்தில் காலடி வைத்திராத பலர், நிறுவனங்களின் வாயிலாக அங்கு காடு வளர்க்கும் உரிமையாளராயினர். மரம் நன்றாக வளருமா என்பது அவர்களுக்கு இரண்டாம் கேள்வி. வரி குறையுமா என்பதே முதற்கேள்வி. ஃப்ளோ கன்ட்ரியில் சுமார் 67,000 ஹெக்டேர், அதாவது அச்சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, இவ்வாறு மரநடுகைக்கு உட்பட்டது.

3. எழுந்த விவாதம்

1987-ஆம் ஆண்டில், அரசின் இயற்கைப் பாதுகாப்புக் குழு, பறவைகளையும் சதுப்பு நிலங்களையும் காடு வளர்ப்பையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு, கரிமண் நிலத்தில் மேலும் மரம் நடுவதை நிறுத்திவைக்க வேண்டும் எனக் கோரியது. அறிவியல் நோக்கில் அவ்வறிக்கை வலுவானது. ஆயினும் அது வெளியிடப்பட்ட இடம் லண்டன் மாநகர்.

வடபுலத்தார் கொதித்தெழுந்தனர். வேலை இன்றி இளைஞர் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த பகுதி அது. உழுவதும் நடுவதும் வேலியிடுவதும் சிலருக்கேனும் கூலி தந்தன. 'எங்கள் நிலத்தின் கதியைத் தென்னாட்டு நகரத்தில் கூடியிருப்போர் தீர்மானிப்பதா? பறவைக்கு இருக்கும் வழக்கறிஞர் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லையா?' என்பதே அவர்களது மனக்குறையாக இருந்தது. இம்மனக்குறையை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று.

1988 மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் நைஜல் லாசன் அவ்வரிச் சலுகையை நீக்கினார். பெரும் நடுகை விரைவில் ஓய்ந்தது. மறுபுறம், அறிக்கை வெளியிட்ட குழுவும் 1991-இல் கலைக்கப்பட்டு, நாட்டுக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டது. இதற்கும் அவ்விவாதம் மூட்டிய சினத்துக்கும் தொடர்பு உண்டு எனப் பலர் கருதினர். சொன்னது உண்மையாயினும், சொல்லும் இடமும் முறையும் உள்ளூர் மக்களை அவமதிக்குமாயின், உண்மைக்கே ஊறு நேரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. பிரசங்கபீடத்தில் நிற்கும் நமக்கு இவ்வெச்சரிக்கை புதிதன்று.

4. வெறுமையாக்கப்பட்ட பள்ளத்தாக்குகள்

வடபுலத்தாரின் சினத்துக்கு ஆழ்ந்த வேர் உண்டு. சதுப்புகள் இயற்கையாகவே ஆளரவமற்றவை; ஆனால் அவற்றை ஊடறுத்துச் செல்லும் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் அவ்வாறு இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில், செம்மறி ஆடு வளர்த்தால் வருவாய் பெருகும் என்று கருதிய சதர்லாந்து நிலக்கிழார் குடும்பம், அங்கு வாழ்ந்த கேலிக் மொழி பேசும் குடிகளை ஆயிரக்கணக்கில் வெளியேற்றியது. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-இலும் 1819-இலும் வீடுகள் தீக்கிரையாயின. குடியகற்றலை நடத்திய பாட்ரிக் செல்லர் 1816-இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

அக்காலத்தில் திருச்சபை என்ன செய்தது? மனம் நோகும் கேள்வி இது. ஒரு பங்குக்குக் குருவை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலக்கிழார் கையில் இருந்தது. குருமாரில் பலர் அவர்கள் பக்கமே நின்றனர். துன்பத்தைப் பாவத்தின் தண்டனை எனப் போதித்தோரும் உளர். விதிவிலக்காக நின்றோர் சிலரே. ஸ்ட்ராத்நேவரில் ஆக்னஸ் என்னுமிடத்தில் ஊழியம் செய்த டொனால்ட் சேஜ் என்னும் இளம் போதகர், 1819-இல், வெளியேறவிருந்த தம் மக்களுக்குத் திறந்தவெளியில் இறுதி ஆராதனை நடத்தினார். கூடியிருந்தோர் அழுகையால் அவ்வாராதனை தடைப்பட்டதை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்துள்ளார்.

1845-இல் அண்டை மாவட்டமாகிய ராஸ் பகுதியில் கிளென்கால்வி மக்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் குரோய்க் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கூடாரமிட்டுத் தங்கினர். ஆலயச் சாளரத்தின் கண்ணாடியில் அவர்கள் கீறிய சொற்களை இன்றும் காணலாம். தங்களைக் கொல்லாமற் கொன்றவரை அவர்கள் அதில் சபிக்கவில்லை. தங்களையே பொல்லாத சந்ததி என்று எழுதினர். போதிக்கப்பட்ட இறையியல் அவர்கள் உள்ளத்தில் செய்த வேலை அது. ஆயர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று நம் போதனையைச் சோதித்துக்கொள்வது தகும்.

குருவை நியமிக்கும் உரிமை யாருக்கு என்னும் பிணக்கே முற்றி, 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுண்டு, சுயாதீனத் திருச்சபை தோன்றியது. சென்னையில் 1837-இல் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அவருடைய உடன் ஊழியரும் அச்சுயாதீனத் திருச்சபையோடு சேர்ந்தனர். அப்பள்ளியே பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆகவே அவ்வடபுலத்து வரலாறு நமக்கு முற்றிலும் அயலார் வரலாறு அன்று.

ஸ்ட்ராத்நேவரில் ரோசல் என்ற ஊர் இருந்தது. அதன் மக்களும் வெளியேற்றப்பட்டனர். ஒன்றரை நூற்றாண்டு கழித்து வன ஆணையம் அங்கு காடு நட முற்பட்டபோது, 1962-இல் அவ்வூரின் இடிபாடுகள் தொல்லியலாளரால் அகழ்ந்து ஆராயப்பட்டன. ஊர் இருந்த இடம் மட்டும் நடப்படாமல் விடப்பட்டது. நட்ட காட்டின் நடுவே வீடுகளின் அடித்தளங்கள் புல் மூடிக் கிடக்கின்றன. முதலில் மனிதர் அகன்றனர். பின்பு ஆடு வந்தது. அதன்பின் மரம் வந்தது. ஒவ்வொரு முறையும் நிலம் 'வெறுமையானது' என்றே சொல்லப்பட்டது.

5. இன்றைய நிலை

இப்போது விவாதம் புதிய வடிவம் கொண்டுள்ளது. அன்று மரம் வேண்டப்பட்டது தொழிலுக்காக. இன்று காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குறைப்பதற்காகவும் வேண்டப்படுகிறது. நாட்டின் 21 விழுக்காட்டைக் காடாக்குவது என ஸ்காட்லாந்து அரசு 2019-இல் வகுத்த திட்டம் கூறுகிறது. அதற்குக் குறித்த ஆண்டு 2032. பிரித்தானியா தனக்கு வேண்டிய மரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இறக்குமதி செய்கிறது என்பதும் மறுக்கமுடியாத வாதம். தன் நாட்டில் நடாதவன் பிறர் காட்டை வெட்டுகிறான் அன்றோ?

எனினும் கரிமண்ணில் மரம் நட்டால் கணக்கு மாறிவிடுகிறது. நீர் வடிந்தவுடன் காற்று புகுகிறது. ஆயிரமாண்டுகளாக மக்காதிருந்தது மக்கத் தொடங்கி, கரியமில வாயுவாக வெளியேறுகிறது. மரம் ஒரு கையால் சேர்ப்பதை மண் மறு கையால் இழக்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்காட்லாந்தின் ஹெதர் நிலங்களில் அந்நாட்டுக்கே உரிய பிர்ச், பைன் மரங்கள் நடப்பட்ட இடங்களைச் சோதித்தது. 12 ஆண்டுகளுக்குப் பின்னும், 39 ஆண்டுகளுக்குப் பின்னும், மண்ணையும் மரத்தையும் சேர்த்து எண்ணுகையில் கரிமத்தின் நிகர அளவு கூடவில்லை எனக் கண்டது. 50 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள கரிமண்ணில் புதிதாகக் காடு நடலாகாது என்பது இன்று பிரித்தானிய வனத் தர விதிகளின் நெறி.

ஃப்ளோ கன்ட்ரியில் நடப்பட்ட மரங்கள் இப்போது பகுதி பகுதியாக அகற்றப்படுகின்றன. ஃபோர்சினார்டு என்னுமிடத்தில் 1995-இல் பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் நிலம் வாங்கி, மரங்களை வெட்டி, வாய்க்கால்களை அடைத்து, நீர்மட்டத்தை மீட்டு வருகிறது. இழந்ததைச் சதுப்பு திரும்பப் பெறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2024 ஜூலையில், புதுதில்லியில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, ஃப்ளோ கன்ட்ரியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வரிச்சலுகைக்காக உழப்பட்ட நிலம், மனுக்குலத்தின் பொதுச் சொத்து என நம் தலைநகரில் அறிவிக்கப்பட்டது.

இதனால் மரநடுகை எங்கும் தவறு என்று முடிவுகட்டுவதும் பிழையாகும். எல்லா மேட்டுநிலமும் ஆழ்ந்த கரிமண் அன்று. ஆடுகளும் மான்களும் மேய்ந்தமையாலும், கௌதாரி இனப் பறவை வேட்டைக்காக ஆண்டுதோறும் பகுதி பகுதியாக எரிக்கப்பட்டமையாலும் மரமற்றுப்போன மலைச்சரிவுகள் பல. தென் ஸ்காட்லாந்தில் மொஃபட் ஊருக்கு அருகிலுள்ள காரிஃப்ரான் பள்ளத்தாக்கை அத்தகையதென்று கண்டு, பொதுமக்கள் நன்கொடை திரட்டி வாங்கி, 2000 ஜனவரி முதல் நாளில் நாட்டு மரங்களை நடத் தொடங்கினர். இன்று அங்கு இளங்காடு நிற்கிறது. லாங்ஹோம் ஊர் மக்கள் 2021-லும் 2022-லும் இரு தவணையாகத் தங்கள் மேட்டுநிலத்தை விலைக்கு வாங்கி, எங்கே கரிமண்ணைக் காப்பது, எங்கே மரம் வளரவிடுவது என்பதைத் தாங்களே ஆய்ந்து செய்துவருகின்றனர். எனவே கேள்வி, மரமா வெளியா என்பதன்று. எந்த நிலத்தில், எந்த மரம், யார் தீர்ப்பின்படி என்பதே.

6. திருமறையின் ஒளியில்

மரம் நடும் ஆராதனைகளில் நாம் வழக்கமாக வாசிக்கும் பகுதி ஏசாயா 41:18–20. வனாந்தரத்தில் கேதுரு முதலிய மரங்களைத் தேவன் நடுவார் என்பது அவ்வாக்குத்தத்தம். ஆனால் அதற்கு முந்திய 17-ஆம் வசனத்தை நாம் விட்டுவிடுகிறோம். தண்ணீர் தேடி நா வறண்ட எளியோருக்கு விடையாகவே அம்மரங்கள் தோன்றுகின்றன. எளியோரை அப்புறப்படுத்திவிட்டு நடும் மரத்துக்கு அவ்வாக்குத்தத்தத்தில் பங்கில்லை.

'வனாந்தரம்' என நாம் மொழிபெயர்க்கும் எபிரெயச் சொல் மித்பார். அது பாழ்நிலத்தை மட்டுமன்றி, மந்தை மேயும் திறந்தவெளியையும் குறிக்கும். மோசே ஆடு மேய்த்ததும் அங்கேதான். யோபு 38:25–27-இல், மனிதர் எவரும் இல்லாத வெளியின்மேலும் தேவன் மழை பெய்வித்துப் பூண்டை முளைப்பிக்கிறார். 39-ஆம் அதிகாரத்தில் அவ்வெளியையே காட்டுக்கழுதைக்கு வீடாகத் தந்ததாகக் கூறுகிறார். மனிதனுக்குப் பயன்படாததால் ஒரு நிலம் தேவனுடைய கணக்கில் தரிசாகிவிடுவதில்லை. 104-ஆம் சங்கீதம் கேதுருவுக்கு ஓரிடமும், வரையாட்டுக்கு வேறோரிடமும் வகுத்துக் கூறுகிறது. படைப்பில் ஒழுங்கு என்பது, எதுவும் எங்கும் இருக்கலாம் என்பதன்று.

ஆதியாகமம் 2:15-இல் மனிதனுக்கு இடப்பட்ட பணியை இரு எபிரெய வினைகள் சுட்டுகின்றன: ஆபாத், ஷாமார். முன்னது உழுதலையும் ஊழியஞ்செய்தலையும் ஒருங்கே குறிக்கும். பின்னது காத்தலைக் குறிக்கும். முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டால் உக்கிராணத்துவம் ஆதிக்கமாகிவிடும். சில இடங்களில் காப்பதென்பது நம் கையை அடக்கிக்கொள்வதேயாகும்.

இன்னும் ஒன்று. 1 இராஜாக்கள் 21-இல் ஆகாப் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை எதற்காகக் கேட்டான்? கீரைத்தோட்டம் போடுவதற்காக. அரண்மனைக்கோ படைக்கோ அன்று, பசுமைக்காகவே கேட்டான். விலையும் மாற்றுநிலமும் தருவதாகச் சொன்னான். நோக்கம் பசுமையாயிருந்தது, பிதாக்களின் சுதந்தரம் பறிபோயிற்று, இரத்தம் சிந்தப்பட்டது. நடுதல் என்னும் நற்செயலின் பெயராலும் அநீதி வரும் என்பதைத் திருமறை மறைக்கவில்லை.

7. நம் கடமை

நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் இதே வரலாறு வேறு உருவில் நிகழ்ந்தது. சோலைகளும் புல்வெளிகளும் இணைந்து கிடந்த உயர்மலையில், புல்வெளியை வீண் நிலம் எனக் கருதி, 19-ஆம் நூற்றாண்டு முதல் சீகை, கற்பூர மரம், பைன் ஆகியவற்றைக் கொணர்ந்து நட்டனர். தோதவர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் சுருங்கியது; புல்வெளியை நம்பி வாழும் வரையாட்டுக்கு இடம் குறைந்தது. நட்ட சீகை வேலி கடந்து தானே பரவிற்று. இன்று அதை அகற்றுவதற்கு அரசு பொருள் செலவிடுகிறது.

ஆகவே ஆயர்களும் இறையியல் மாணவர்களும், கன்று நடுமுன் நான்கு கேள்விகளைத் தம் சபையோடு அமர்ந்து கேட்கும்படி வேண்டுகிறோம். இந்நிலம் இயல்பில் எத்தகையது. மண்ணும் நீரும் என்ன சொல்கின்றன? இதை இதுவரை பயன்படுத்தி வருவோர் யார்; அவர்களிடம் கேட்டோமா? இந்நடுகையால் ஆதாயம் யாருக்கு, இழப்பு யாருக்கு? நட்டபின் முப்பது ஆண்டுகள் இதற்குக் கணக்குக் கொடுப்பவர் யார்? இவற்றுக்கு நல்ல விடை கிடைக்குமாயின், மகிழ்ச்சியோடு நடுவோம். கிடைக்காவிடின், அன்றைய தினம் நடாதிருப்பதே படைத்தவருக்குச் செய்யும் ஆராதனையாகும்.

நாம் நட்ட இருநூறு கன்றுகளின் கதையையும் சொல்லி முடிக்கிறோம். மூதாட்டி கேட்டதைச் சபைக் கமிட்டியில் வைத்தோம். நெடுநேர வாக்குவாதத்துக்குப்பின், வேலியில் பாதியைப் பிரித்து, அப்பகுதிக் கன்றுகளை ஆலய வளாகத்துக்கு மாற்றினோம். மாற்றியவற்றில் பல பட்டுப்போயின. பிழைத்தவை இன்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நிழல் தருகின்றன. எஞ்சிய வெளியில் ஆடுகள் மேய்கின்றன. அவ்விரண்டையும் ஒருங்கே காணும்போது, நம் ஊழியத்தில் பிறர் சொல்லக் கேட்டுத் திருந்திய நாட்களே பயனுள்ள நாட்கள் என்பதை நன்றியோடு நினைக்கிறோம்.